மயிரிழை இடைவெளியில் நியூட்டன்: மதுரையில் ஒரு முறுக்குத் தராசு

முறுக்குத் தராசு என்றால் மதுரையில் பலகாரக் கடைத் தராசுதான் முதலில் ஞாபகத்துக்கு வரும். இங்கே பேசப்போவது கம்பி முறுக்கிக்கொள்ளும் தராசைப் பற்றி. மெல்லிய கம்பியில் ஒரு கோலைக் கிடைமட்டமாகத் தொங்கவிட்டு, இரண்டு முனையிலும் சின்னக் குண்டுகளை மாட்டி, பக்கத்தில் பெரிய குண்டுகளைக் கொண்டுபோனால் கோல் எவ்வளவு திரும்புகிறது என்று பார்ப்பது. இதை வடிவமைத்த ஜான் மிஷெல், பயன்படுத்திப் பார்க்கும் முன்பே இறந்துபோனார். ஹென்றி கேவண்டிஷ் அதைத் திருத்தி அமைத்து, 1798-இல் பூமியின் அடர்த்தியை வெளியிட்டார். 158 கிலோ ஈயக் குண்டு இரண்டு, 1.8 மீட்டர் மரக் கோல், அறைக்குள் ஆள் போகாமல் சுவர்த் துளை வழியாகத் தொலைநோக்கியில் வாசிப்பு. இருநூறு வருஷத்துக்கு மேல் ஆகியும், தலைமுடி அளவு இடைவெளியில் ஈர்ப்பு எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்க இன்றும் இதன் வாரிசுதான் கை கொடுக்கிறது.

கேள்வி எளிமையானது. தூரம் இரட்டித்தால் ஈர்ப்பு நாலில் ஒரு பங்கு ஆகும் என்பது எதிர்த்தகவு இருமடி விதி. கிரகங்களுக்கு அது பொருந்துகிறது, செயற்கைக்கோள்களுக்குப் பொருந்துகிறது. மேசைமேல், சென்டிமீட்டர் கணக்கில்? 1976-இல் டேனியல் லாங் என்பவர் 4.5 செ.மீ. தூரத்துக்கும் 30 செ.மீ. தூரத்துக்கும் நடுவே ஈர்ப்பு மாறிலி கொஞ்சம் மாறுகிறது என்று அறிவித்தார். 1980-இல் கலிஃபோர்னியாவின் இர்வைனில் செய்த சோதனை அதை மறுத்தது. 1998-இல் அர்க்கானி-ஹமேத், திமோபௌலோஸ், த்வாலி மூவரும் கேள்வியை மில்லிமீட்டருக்குள் தள்ளினார்கள். நமக்குத் தெரியாத கூடுதல் பரிமாணங்கள் இரண்டு, மில்லிமீட்டர் அளவில் சுருண்டு கிடந்தால், அந்த அளவுக்குக் கீழே ஈர்ப்பு தூரத்தின் இருமடிக்குப் பதில் நான்மடியில் மாறும். பிரபஞ்சம் வேகமெடுத்து விரியக் காரணம் என்று கருதப்படும் இருள் ஆற்றலின் அடர்த்தியை நீள அளவாக மாற்றினால் சுமார் 85 மைக்ரான் வருகிறது (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). அதுவும் ஆட்களை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

இந்தத் துறையில் முடிவுகளை இரண்டு எண்ணால் சொல்வார்கள். புதிய விசை ஒன்று இருந்தால் அது ஈர்ப்பைப்போல எத்தனை மடங்கு என்பது ஆல்பா; எவ்வளவு தூரம் எட்டும் என்பது லாம்டா. ஆல்பா 1, அதாவது ஈர்ப்புக்குச் சமமான வலு என்று வைத்துக்கொண்டால், சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஈயட்-வாஷ் குழு 2007-இல் லாம்டா 56 மைக்ரானுக்கு மேல் இருக்க முடியாது என்றது. 2020-இல் அதை 38.6 மைக்ரானுக்கு இறக்கியது. அதே வருஷம் சீனாவின் வூஹான் குழு 48 மைக்ரான் என்றது. அதற்குக் கீழே கதவு திறந்தே கிடக்கிறது. ஒரு மைக்ரான் எட்டும் விசை ஈர்ப்பைவிட ஆயிரக்கணக்கான மடங்கு வலுவாக இருந்தாலும் இன்றைய சோதனைகளுக்கு அகப்படாது.

ஏன் இவ்வளவு கஷ்டம்? ஒரு சின்னக் கணக்குப் போட்டால் போதும். டங்ஸ்டன் குண்டுகள் இரண்டைத் தொட்டுக்கொண்டு வைக்கிறோம். ஆரம் 1 செ.மீ. என்றால் ஒவ்வொன்றும் 81 கிராம், ஈர்ப்பு விசை சுமார் 10⁻⁹ நியூட்டன். ஆரத்தை 1 மி.மீ. ஆக்குங்கள்: எடை 81 மில்லிகிராம், விசை 10⁻¹³. 0.1 மி.மீ. ஆக்கினால் 10⁻¹⁷. அளவு பத்தில் ஒன்றானால் விசை பத்தாயிரத்தில் ஒன்றாகிறது. கிட்டே போனால் விசை கூடும் என்று நினைத்துத்தான் எல்லாரும் ஆரம்பிப்பார்கள். கிட்டே போவதற்காகப் பொருளைச் சிறிதாக்கும்போது நிறை அதைவிட வேகமாகக் கரைந்துபோகிறது. மிச்சமிருக்கும் மின்னூட்டம், காந்தம், காற்று, சூடு, தரையின் சரிவு இவையெல்லாம் கரைவதில்லை. இந்தச் சோதனையில் ஈர்ப்பை அளக்கிற வேலை கொஞ்சம்தான். மற்றதையெல்லாம் விரட்டுகிற வேலைதான் முழுக்க.

அந்த விரட்டும் வேலையைக் கற்றுக்கொள்ள மைக்ரான் இடைவெளி தேவையில்லை. 4.6 செ.மீ. தூரத்தில் ஒரு தராசைக் கட்டினாலே எல்லாப் பகையாளிகளும் வரிசையாக வந்து நிற்பார்கள்.

கட்டுவதற்கு என்ன வேண்டும்

கம்பி: 25 மைக்ரான் டங்ஸ்டன், அரை மீட்டர். நைலான் நரம்பு, தூண்டில் நரம்பு வேண்டாம்; ஈரத்தைக் குடித்துத் தானாக முறுக்கிக்கொள்ளும், மின்னூட்டத்தையும் வெளியே விடாது. டங்ஸ்டன் மின்கடத்தி என்பதால் தொங்குகிற கோல் தானாகவே எர்த் ஆகிவிடுகிறது. இந்தக் கம்பி சுமார் 120 கிராம் வரை தாங்கும். 40 கிராமுக்கு மேல் ஏற்றாதீர்கள். கண்ணுக்குத் தெரியாது என்பதால் கறுப்புத் துணி விரித்து, பக்கவாட்டில் விளக்கை வைத்துக் கையாளவும். ஒருமுறை மடங்கிப்போனால் அந்தத் துண்டைத் தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதான். நீவி நேராக்கினால் முறுக்கு ஒரே சீராக இருக்காது. முனைகளைப் பசை போட்டு ஒட்டக் கூடாது. எப்பாக்சி கெட்டியான பிறகும் நாள் கணக்கில் மெல்ல நழுவும், அது கோலின் ஓய்வு நிலையை நகர்த்தும். ஊசி மருந்துக்கான ஊசிக் குழாயில் இரண்டு செ.மீ. வெட்டி, அதற்குள் கம்பியை விட்டு, இடுக்கியால் நசுக்கிப் பிடிப்பதுதான் நம்பகமானது. நகைப் பட்டறைக்காரரிடம் கொடுத்தால் அவர் உங்களைவிட நன்றாகவே நசுக்கித் தருவார்.

சின்னக் குண்டுகள்: ஒவ்வொன்றும் 15 கிராம், இரண்டு சவரனுக்கு ஒரு கிராம் குறைவு. தூண்டிலுக்கு விற்கும் ஈயக் குண்டு சரியாக வரும். மில்லிகிராம் வரை எடை வேண்டும். தெற்கு ஆவணி மூல வீதி நகைக்கடைத் தராசு அதற்குப் போதும். ஈயம் பிடிக்காதவர்கள் டிக் வெல்டிங்குக்கான டங்ஸ்டன் குச்சியை வாங்கலாம். 2.4 மி.மீ. விட்டம், 150 மி.மீ. நீளக் குச்சி ஒன்று 13 கிராம். பச்சை முனை சுத்த டங்ஸ்டன். சிவப்பு முனையில் தோரியம் உண்டு. அதை வெட்டித் தேய்த்துத் தூசியைச் சுவாசிக்க வேண்டாம்.

கோல்: 3 மி.மீ. அலுமினியக் கம்பி, 10 செ.மீ. எடை 2 கிராமுக்குள். நடுவில் நகம் அளவு முகக்கண்ணாடித் துண்டு.

பெரிய குண்டுகள்: ஒவ்வொன்றும் 1.5 கிலோ காரீயம், விட்டம் 6.3 செ.மீ., டென்னிஸ் பந்தைவிட ஒரு சுற்றுச் சிறியது. இங்கே ஒரு சொல் குழப்பம். ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயம், அடர்த்தி 7.3. நமக்கு வேண்டியது காரீயம், 11.34. பழைய சாமான் கடையில் இரண்டும் ஈயம் என்ற ஒரே பெயரில் விலை போகும். தண்ணீருக்குள் தொங்கவிட்டு எடை பாருங்கள்: 1.5 கிலோ சுத்தக் காரீயம் 132 கிராம் எடை இழக்க வேண்டும். 150, 160 என்று இழந்தால் கலப்படம், அல்லது வார்க்கும்போது உள்ளே பொந்து விழுந்திருக்கிறது. பொந்து விழுந்தால் நிறையின் மையம் வடிவத்தின் மையத்தில் இருக்காது, தூரக் கணக்கே தப்பாகும். ஈயம் உருகுவது 327 டிகிரியில். உருக்குவதை வெட்டவெளியில் செய்யவும். அச்சில் ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் ஈயம் வெடித்துத் தெறிக்கும். அந்தச் சட்டி மறுபடி சமையலறைக்குள் வரக் கூடாது. புதூர் சிட்கோ பக்கம் வார்ப்புத் தெரிந்தவர்களிடம் கொடுத்துவிடுவது உத்தமம். சைக்கிள், லாரி பேரிங் குண்டு வேண்டவே வேண்டாம். எஃகு காந்தத்துக்கு மசியும். நீங்கள் அளப்பது ஈர்ப்பாக இருக்காது. பித்தளையிலும் இரும்புத் துணுக்கு இருப்பதுண்டு. நூலில் கட்டிய சின்னக் காந்தத்தைக் கிட்டே கொண்டுபோய் அசைகிறதா என்று ஒவ்வொரு பாகத்தையும் சோதியுங்கள், திருகாணி உட்பட.

பெட்டி: 2 மி.மீ. அலுமினியத் தகடு, உள் அகலம் 24 மி.மீ. கண்ணாடியோ அக்ரிலிக்கோ போட்டால் அழகாக உள்ளே தெரியும். துடைத்த துணியின் மின்னூட்டம் அதில் மணிக்கணக்கில் நின்று கோலை இழுத்துக்கொண்டும் இருக்கும். லேசர் போய்வர மட்டும் சின்ன ஜன்னல், அதிலும் மெல்லிய கம்பி வலை. பெட்டி, கம்பியின் மேல்பிடி, பெரிய குண்டுகளின் தாங்கி மூன்றையும் ஒரே புள்ளியில் எர்த் செய்யவும்.

அடிப்பலகை: மேலூர் கிரானைட், 60 க்கு 60 செ.மீ., 5 செ.மீ. கனம், ஏறக்குறைய 48 கிலோ. மூன்று புள்ளியில் மட்டும் தரையைத் தொட வேண்டும்; நாலாவது கால் ஆட்டம் காட்டும். அதிர்வு வராமல் இருக்க ரப்பர் வைக்கலாமே என்று தோன்றும். வைக்காதீர்கள். ரப்பர் மெல்ல அமுங்கிப் பலகையைச் சாய்க்கும்.

கணக்கு

பெரிய குண்டின் மையத்துக்கும் சின்னக் குண்டின் மையத்துக்கும் 46 மி.மீ. விசை 7 × 10⁻¹⁰ நியூட்டன். ஒரு கிராமைக் கோடிப் பங்காகப் பிரித்தால் ஒரு பங்கின் எடையைவிடவும் குறைவு. கம்பியின் முறுக்கு மாறிலி, அதாவது ஒரு ரேடியன் முறுக்கத் தேவையான திருப்பு, சுமார் 1.2 × 10⁻⁸ நியூட்டன் மீட்டர், அலைவு நேரம் எட்டு நிமிஷத்துக்குச் சற்று மேல். குண்டுகளை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாற்றினால் கோல் ஏறக்குறைய 10.6 மில்லிரேடியன் திரும்பும். கண்ணாடியில் பட்டுத் திரும்பும் லேசர் இரட்டிப்பாக நகரும் என்பதால், 4 மீட்டர் தள்ளிச் சுவரில் ஒட்டிய கிராஃப் தாளில் புள்ளி 8.5 செ.மீ. போகும். கண்ணால் பார்க்கலாம்.

கம்பியின் விட்டத்தை வைத்து முறுக்கு மாறிலியைக் கணக்கிடாதீர்கள். அது விட்டத்தின் நான்மடியில் போகிறது. 25 மைக்ரானில் ஒரு மைக்ரான் தப்பினால் 16 சதவீதம் தப்பு. அலைவு நேரத்தை அளந்து, நிலைமத் திருப்புத்திறனிலிருந்து, அதாவது சுழல்வதற்குத் தொங்கும் நிறை காட்டும் எதிர்ப்பிலிருந்து, பின்னோக்கி எடுப்பதுதான் முறை. கோலின் பங்கு 2 சதவீதம், குண்டுகளின் சொந்த உருளலுக்கு இன்னொரு 0.7 சதவீதம். இரண்டையும் சேர்க்கவும்.

இனி விதியைச் சோதிக்கலாம். 46, 60, 80 மி.மீ. என்று மூன்று தூரத்தில் எடுங்கள். 80-க்குப் போனால் விசை 33 சதவீதமாகக் குறைய வேண்டும் என்று எல்லாரும் எதிர்பார்ப்பார்கள். கருவி 27 சதவீதம்தான் காட்டும். நியூட்டன் தோற்றுவிட்டார் என்று குதிக்க வேண்டாம். ஒவ்வொரு பெரிய குண்டும் எதிர்முனையில் இருக்கும் சின்னக் குண்டையும் தப்பான திசையில் இழுக்கிறது. 46 மி.மீ.யில் அது 7 சதவீதத்தைத் தின்னும், 80 மி.மீ.யில் 24 சதவீதத்தை. சேர்த்துக் கணக்கிட்டால் 8.5, 4.7, 2.3 செ.மீ. என்று புள்ளி நகர வேண்டும். கோலின் மேல் உள்ள இழுப்பை நுணுக்கமாகச் சேர்த்தால் இதிலும் கொஞ்சம் மாறும். தூரத்தை அளப்பதில் 1 மி.மீ. பிசகினால் 46-இல் 4 சதவீதத்துக்கு மேல் பிழை. டிஜிட்டல் வெர்னியர் வைத்து, பெட்டிச் சுவரின் இரண்டு பக்கமும் அளந்து, கோல் நடுவில் தொங்குகிறதா என்று பார்த்த பிறகே மேலே போகவும்.

எங்கே உதைக்கும்

சூடு. கோடையில் மொட்டை மாடிக்குக் கீழ் அறை இந்த வேலைக்கு உதவாது. தளம் பகலெல்லாம் சூட்டை வாங்கி ராத்திரி முழுக்கக் கக்கும். தரைத்தளத்தில், வெளிச்சுவர் இல்லாத நடு அறை வேண்டும். பெட்டியின் ஒரு பக்கம் மறுபக்கத்தைவிடச் சற்றே சூடாக இருந்தாலும் உள்ளே காற்று சுழன்று கோலைத் தள்ளும். இதைக் கேவண்டிஷே கவனித்திருக்கிறார். 5 செ.மீ. தெர்மகோல் கூடு போட்டு மூடவும். ஏசி போட்டால் சரியாகிவிடும் என்பது பொதுவான தப்புக் கணக்கு. கம்ப்ரசர் பத்துப் பன்னிரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை வெட்டிச் சேரும். நம் கோலின் அலைவு நேரம் எட்டு நிமிஷம். ஊஞ்சலைத் தாளத்தோடு தள்ளுவதுபோல ஏசி கோலைத் தள்ளிக்கொண்டே இருக்கும். ஏசியும் மின்விசிறியும் இல்லாமல், கதவைச் சாத்தி, முதல் நாள் சாயங்காலமே எல்லாவற்றையும் வைத்துவிட்டு வெளியே வந்துவிடுவது நல்லது. வாசிப்பை வெளியிலிருந்து மொபைல் கேமரா எடுக்கட்டும், பத்து விநாடிக்கு ஒரு படம்.

புதுக் கம்பி. முதல் வாரம் அது தன்பாட்டுக்கு ஒரே பக்கம் சுழன்றுகொண்டே போகும். இழுத்துச் சுற்றி வைத்திருந்த அழுத்தம் தளர்கிறது. சுமையை மாட்டி ஏழெட்டு நாள் சும்மா தொங்கவிடுங்கள். இடையில் 60, 70 டிகிரி வரை ஓரிரு முறை இதமாகச் சூடேற்றினால் சீக்கிரம் அடங்கும். அதற்குப் பிறகும் மிச்சமிருக்கும் நகர்வைக் கணக்கில் கழிக்க, குண்டுகளை இடம், வலம், இடம் என்று வைத்து, முதல் இடத்துக்கும் மூன்றாவதுக்கும் சராசரி எடுத்து, நடுவில் உள்ளதோடு ஒப்பிடவும். ஒவ்வொரு நிலையிலும் மூன்று அலைவு, 25 நிமிஷம். கோல் ஓய்வதற்காகக் காத்திருக்க வேண்டாம். அலைவின் நடுக்கோட்டை வரைந்து எடுத்தால் போதும்.

சாய்வு. இது பலரும் கவனிக்காதது. பலகை சாய்ந்தால் கம்பியின் மேல்பிடி சாயும், அதில் கொஞ்சம் முறுக்காக மாறிக் கோலைத் திருப்பும். பெரிய குண்டுகளை அதே கிரானைட்டின் மேல் வைத்து இடம் மாற்றினால், 3 கிலோ இடம்பெயர்கிறது, பலகை சாய்கிறது, கோல் திரும்புகிறது. ஈர்ப்பு மாதிரியே, குண்டை மாற்றும்போதெல்லாம் ஒழுங்காகத் திரும்பும். எத்தனை நாள் சராசரி எடுத்தாலும் இது போகாது. குண்டுகளுக்குத் தனித் தாங்கி, தனிக் கால், முடிந்தால் மேலே உத்திரத்திலிருந்து தொங்கல்.

நீங்களே ஒரு பெரிய குண்டு. எல்லா இடத்திலும் ஒரே அளவாக இழுக்கும் விசை முறுக்குத் தராசைத் திருப்பாது; ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் உள்ள வித்தியாசம்தான் திருப்பும், அது தூரத்தின் மும்மடியில் குறையும். வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தில் ஒரு மீட்டர் தண்ணீர் ஏறினால் சுமார் 85 ஆயிரம் டன். குளத்தின் நடுவிலிருந்து 300 மீட்டர் தள்ளி உங்கள் அறை இருந்தால், அவ்வளவு தண்ணீரும் செய்யும் வித்தியாசத்தைப்போல இருபது மடங்கை, பெட்டிக்கு ஒரு மீட்டர் பக்கத்தில் எட்டிப் பார்க்கும் 70 கிலோ ஆள் செய்துவிடுவார். குளம் நிரம்பட்டும், பரவாயில்லை. ஆளை வெளியே அனுப்புங்கள்.

அதிர்வு. பஸ், போர்வெல் மோட்டார், பக்கத்து வீட்டுக் கிரைண்டர். இவை கோலைத் திருப்புவதைவிட ஊசலாக ஆட்டுகின்றன. அரை மீட்டர் கம்பிக்கு 1.4 விநாடி ஊசல். அதை அடக்க, மேலே கனமான குட்டைக் கம்பியில் ஒரு அலுமினிய வட்டைத் தொங்கவிட்டு, அதன் மேலும் கீழும் வளையக் காந்தம் நிறுத்தவும். அந்த வட்டின் அடியிலிருந்து மெல்லிய கம்பி தொடங்கட்டும். ஊசல் ஆட்டம் சுழல் மின்னோட்டத்தில் செத்துப்போகும், மெல்லிய கம்பியின் முறுக்கு பாதிக்கப்படாது. காந்தம் கோலிலிருந்து அரை மீட்டராவது தள்ளி இருக்கும்படி பார்த்துக்கொள்ளவும். வாசிப்புக்கு நல்ல நேரம் ராத்திரி ஒன்றிலிருந்து நாலு மணி. சித்திரைத் திருவிழா வாரத்தில் ஊர்ப் பக்கம் எடுக்கவே வேண்டாம். 2021-இல் வியன்னாவில் 2 மி.மீ. விட்டமும் 90 மில்லிகிராமும் உள்ள இரண்டு தங்கக் குண்டுகளுக்கு இடையே ஈர்ப்பை அளந்து வெளியிட்டவர்களும் ஊர் அடங்கும் கிறிஸ்துமஸ் ராத்திரிகளைத்தான் பயன்படுத்தினார்கள். கர்நாடகத்தின் கௌரிபிதனூரில் ராமநாத் கௌசிக் குழு, தெரிந்த நான்கு விசைகளைத் தாண்டிய ஐந்தாம் விசையைத் தேடத் தரைக்கு 25 மீட்டர் கீழே முறுக்குத் தராசை வைத்தது. அந்த ஆழமே சூட்டையும் ஆட்டத்தையும் நன்றாகத் தடுக்கும். தேனி மாவட்டத்துப் பொட்டிபுரத்து மலைக்குள் நியூட்ரினோ ஆய்வகத்துக்குத் திட்டமிட்டதுபோல ஒரு கிலோமீட்டர் பாறை வேண்டும் என்பது நியூட்ரினோக்காரர்களின் பாடு, நமக்கு வேண்டாம்.

கடைசியாக வெறும் ஓட்டம். ஈயக் குண்டுக்குப் பதில் அதே அளவு பிளாஸ்டிக் பந்துக்கு அலுமினியத் தாள் சுற்றி, எர்த் செய்து, அதே தாங்கியில் வைத்து, ஒரு முழு ராத்திரி அதே வரிசையில் மாற்றி மாற்றி எடுக்கவும். புள்ளி நகரவே கூடாது. 2 மி.மீ. நகர்ந்தால் உங்கள் ஈர்ப்பு எண்ணில் 2 மி.மீ. ஈர்ப்பு இல்லை. வெறும் ஓட்டம் செய்யாத முடிவை நான் நம்பமாட்டேன், ஈர்ப்பு மாறிலி எவ்வளவு அழகாக 6.67 × 10⁻¹¹ என்று வந்தாலும்.

மைக்ரானுக்கு இறங்கினால்

இங்கே குண்டு உதவாது. 50 மைக்ரான் எட்டும் விசைக்கு, எதிர்ப்பொருளிலிருந்து 50 மைக்ரானுக்குள் இருக்கும் நிறைதான் கணக்கு. உருண்டையில் தொடும் இடத்தில் ஒரு பொட்டு அளவுதான் அப்படி இருக்கும்; மிச்ச உடம்பெல்லாம் பழைய நியூட்டன் விசையைக் கொட்டி, தேடுவதை மூழ்கடிக்கும். அதனால் தட்டைத் தகடுகள். ஆனால் தட்டைத் தகடு தட்டைத் தகட்டின் மேல் சுழன்றால் எந்தத் திருப்பமும் வராது. ஆகவே துளைகள்.

இடியாப்ப அச்சின் தட்டைக் கற்பனை செய்யுங்கள். மேலே கம்பியில் ஒன்று தொங்குகிறது, கீழே அதே போன்ற ஒன்று மெல்லச் சுழல்கிறது. கீழ்த் துளைகள் மேல் துளைகளுக்கு நேரே வரும்போதும் விலகும்போதும் மேல்தட்டு சற்று இப்படியும் அப்படியும் திரும்பும். வட்டத்தில் 21 துளை இருந்தால் ஒரு சுற்றுக்கு 21 முறை. அறையின் சாய்வு, காந்தம், மோட்டாரின் ஆட்டம் எல்லாம் சுற்றுக்கு ஒருமுறை, இரண்டு முறை என்று வரும். ஈர்ப்பு 21-ஆவது வரிசையில் தனியாக நிற்கும். ஈயட்-வாஷ் 2001-இல் பத்துத் துளை அலுமினிய வளையம் வைத்தது. 2007-இல் சுற்றுக்கு 21 முறை திரும்ப வரும் துளை அமைப்புள்ள மாலிப்டினம். 2020-இல் சுற்றுக்கு 18 முறை, 120 முறை என்று இரண்டு அமைப்பு உள்ள பிளாட்டினம், இடைவெளி 52 மைக்ரானிலிருந்து 3 மி.மீ. வரை.

இதில் என்னை மிகவும் கவர்ந்தது அந்த 2001 கருவியின் அடித்தட்டு. சுழலும் தட்டுக்கு அடியில் இன்னொரு கனத்த தட்டு, பெரிய துளைகளோடு, பாதித் துளை இடைவெளி, அதாவது 18 டிகிரி திருப்பி ஒட்டப்பட்டது. சுழலும் தட்டின் நியூட்டன் இழுப்பை இந்த அடித்தட்டு எதிர்த்து இழுத்து ஏறக்குறைய அழித்துவிடும். குறுகிய தூரமே எட்டும் புதுவிசை இருந்தால் அதற்கு அடித்தட்டு எட்டாது, அதனால் அழியாது. பெரிய எண்ணில் சின்ன வித்தியாசம் தேடாமல், பூஜ்யத்தின் பக்கத்தில் தேடுகிற ஏற்பாடு.

மின்னூட்டம் இங்கே பெரிய பேயாகிறது. எர்த் செய்த உலோகத்தின் மேற்பரப்பிலும் படிகத்துக்குப் படிகம், அழுக்குக்கு அழுக்கு, சில பத்து மில்லிவோல்ட் வித்தியாசம் திட்டுத்திட்டாக இருக்கும். ஒரு சதுர செ.மீ. பரப்பு, 1 மி.மீ. கனமுள்ள டங்ஸ்டன் தகடுகள் இரண்டு 100 மைக்ரான் தள்ளி இருந்தால் ஈர்ப்பு 1.6 × 10⁻¹¹ நியூட்டன். நடுவே 100 மில்லிவோல்ட் இருந்தால் மின்விசை 4.4 × 10⁻¹⁰. ஏறக்குறைய 28 மடங்கு. அதனால் இரண்டுக்கும் நடுவே 10 மைக்ரான் கனத்தில், தங்கம் பூசிய பெரிலியம்-செம்புத் தாளை மத்தளத் தோல்போல இறுக்கிக் கட்டுவார்கள். ஈர்ப்பு அதன் வழியே போகும், கீழ்த்தட்டின் மின்விசை போகாது. தாளுக்கும் மேல்தட்டுக்கும் இடையே விசை உண்டு, ஆனால் தாள் சுழல்வதில்லை, அது 21-ஆவது வரிசையில் வராது. ஒரு மைக்ரானுக்குக் கீழே காசிமிர் விசை வேறு, மின்னூட்டமே இல்லாத உலோகப் பரப்புகளும் மிக நெருங்கினால் குவாண்டம் விளைவால் ஒன்றையொன்று இழுப்பது: 1 மைக்ரானில் சதுர மீட்டருக்கு 1.3 மில்லிநியூட்டன், 100 நானோமீட்டரில் அதுபோல பத்தாயிரம் மடங்கு.

தட்டுகள் இணையாக இருப்பது அடுத்த சிக்கல். 5 செ.மீ. அகலத் தட்டு ஒரு மில்லிரேடியன் சாய்ந்தால் ஒரு விளிம்புக்கும் மறுவிளிம்புக்கும் 50 மைக்ரான் வித்தியாசம். நாம் விரும்பும் இடைவெளி முழுவதும் போய்விட்டது. சாய்வை ஐம்பதில் ஒரு பங்குக்கு இறக்க வேண்டும். இடைவெளியை மின்தேக்குத்திறனால் அளக்கலாம்: ஒரு சதுர செ.மீ., 100 மைக்ரான் என்றால் 8.85 பிக்கோஃபாரட், ஒரு மைக்ரான் மாறினால் 0.09. நடுவில் ஒரு தூசி விழுந்தால் கதை முடிந்தது. சுண்ணாம்புச் சுவரும் லாரிப் புழுதியும் உள்ள அறையில் 50 மைக்ரான் இடைவெளி என்பது நடக்காத காரியம்.

ஆனால் சுழற்றும் உத்தியை நம் மேசையிலும் செய்யலாம், அதற்குச் செலவு அதிகமில்லை. பெரிய குண்டுகள் இரண்டையும் கோலின் மையத்திலிருந்து 10 செ.மீ. ஆரத்தில், எதிரெதிரே, ஒரு சுழல்தட்டில் வைத்துப் பெட்டியைச் சுற்றிவரச் செய்யுங்கள். வேகம் மணிக்கு ஒரு சுற்று, கடிகாரத்தின் பெரிய முள் மாதிரி. கோல் சுற்றுக்கு இரண்டு முறை, அதாவது அரை மணிக்கு ஒருமுறை ஆடும். அலைவு நேரமான எட்டு நிமிஷத்திலிருந்து இது நன்றாக விலகியிருக்கிறது. சுவர்ப் புள்ளி மொத்தம் 4 செ.மீ. போய்வரும். ஸ்டெப்பர் மோட்டாரில் காந்தமும் சூடும் உண்டு, அதனால் அதை ஒரு மீட்டர் தள்ளி வைத்து நூல் பெல்ட்டில் இழுக்கவும். ஆறு மணி நேரப் பதிவை எடுத்துச் சுற்றுக்கு ஒருமுறை வரும் பங்கையும் இரண்டு முறை வரும் பங்கையும் பிரியுங்கள். இரண்டாவதுதான் ஈர்ப்பு. முதலாவது, சுழல்தட்டு மட்டம் இல்லாததையும் இரண்டு குண்டுகளும் சமமாக இல்லாததையும் காட்டும். அந்த எண்ணை நோட்டில் தனி வரிசையில் ராத்திரிதோறும் எழுதி வையுங்கள். அது திடீரென்று ஏறினால் அன்றைய ஈர்ப்பு எண்ணை ஒதுக்கிவிட்டு, முதலில் மட்டக் குமிழியைப் பாருங்கள், பிறகு எர்த் ஒயரை.